இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு டைபோல்: குமரிக் கடலோரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனா கட்டும் முறை

சென்ற ஆடி மாதம் என் பழைய ஆண்டெனாவைத் தென்னையிலிருந்து இறக்கி, அதன் நடு இணைப்பைக் கத்தியால் கீறிப் பிளந்து பார்த்தேன். மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் பளபளவென்று புதிதுபோல் இருந்தது. அதற்கு அடியில், கேபிளின் பின்னல் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், பச்சைக் களிம்பு பூத்த தூள்தான் இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. ஒரு மீட்டர் தள்ளி வெட்டினேன். பின்னல் கறுத்து ஈரமாக இருந்தது. இரண்டாவது மீட்டரிலும் அப்படியே. மூன்றாவது மீட்டரைத் தாண்டிய பிறகுதான் செம்பின் நிறம் தெரிந்தது. இரண்டு ஆண்டு மழையும் அந்த ஓர் இணைப்பின் வழியாகக் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது.

கம்பி டைபோல் என்பது ஹாம் வானொலியில், அதாவது பொழுதுபோக்காகத் தனிநபர்கள் நடத்தும் வானொலியில், மிக எளிய ஆண்டெனா. இரண்டு கம்பி, நடுவில் ஒரு கேபிள், அவ்வளவுதான். நீளக் கணக்கு உலகம் முழுவதும் ஒன்றே. ஆனால் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே குடியிருக்கும் எனக்கு, கணக்கு தவறியதால் ஆண்டெனா கெட்டதே இல்லை. உப்புக்காற்று, தென்மேற்கு வடகிழக்கு என்று இரண்டு பருவமழை, ஆடிக்காற்றில் ஆடும் தென்னை, இந்த மூன்றும்தான் கெடுத்திருக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கம்பி வெட்டுவதைச் சுருக்கமாகவும், இணைப்பையும் கயிற்றையும் விரிவாகவும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். அலைபரப்ப உரிமம் கட்டாயம். மத்திய தகவல்தொடர்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் டபிள்யூபிசி (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் நிலையில் தேறியவர்களின் அழைப்புக்குறி, அதாவது வானொலியில் அவர்களை அடையாளம் காட்டும் பெயர், வியூ3 என்றும், ஜெனரல் நிலையில் தேறியவர்களுடையது வியூ2 என்றும் தொடங்கும். உரிமம் கையில் வரும்வரை ஆண்டெனா கட்டும் கலையைப் பழகிக்கொள்வது நல்லது.

எந்த அலைவரிசைக்கு?

முதல் ஆண்டெனா, அலைநீளத்தை வைத்து 40 மீட்டர் பட்டை என்று சொல்லப்படும் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு இருக்கட்டும். பகலில் இந்தப் பட்டையில் தென்னிந்தியா முழுவதும் பேசிக்கொண்டிருக்கும். பத்து மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோலிலிருந்து அலைகள் பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுக் குடைபோல் விரிந்து சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். அகஸ்தியர் மலைத்தொடர் குறுக்கே நின்றாலும் மதுரைக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் குரல் எட்டுவது இதனால்தான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோது, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாத இரவுகள் எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டம் கண்டது. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் கரையில் காத்திருந்த குடும்பங்களை நான் மறக்கவில்லை. 12 வோல்ட் பேட்டரியும் மரத்தில் தொங்கும் ஒரு கம்பியும் இருந்தால் வெளியூருக்குச் செய்தி சொல்ல முடியும். 2004 சுனாமியின்போது அந்தமானில் அதைச் செய்து காட்டினார்கள். வேறொரு வேலைக்காக போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் நிலையமே அன்று பல குடும்பங்களுக்குத் தகவல் சேர்த்தது. நான் ஆண்டெனாவை இவ்வளவு அக்கறையோடு கட்டுவதற்கு இதுவே காரணம்.

நீளம்

142.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் முழு நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1க்கு 20.07 மீட்டர், ஆகவே ஒரு கைக்கு, அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கக் கம்பிக்கு, 10 மீட்டரும் சொச்சமும். வெற்றிடத்தில் அரை அலை என்பது 150 வகுத்தல் மெகாஹெர்ட்ஸ். கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் சுமார் 5 விழுக்காடு குறைத்துக்கொள்கிறோம்.

இது வெறும் செம்புக் கம்பிக்கான கணக்கு. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் பிவிசி உறை போட்ட கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால், கடைசியில் இன்னும் இரண்டு மூன்று விழுக்காடு குறையும். ஆனாலும் முதலில் கூடுதலாகவே வெட்டுங்கள். ஒவ்வொரு கையும் 10.30 மீட்டர், அதோடு முனையில் மடித்துக் கட்ட 30 சென்டிமீட்டர். வெட்டிய கம்பியை ஒட்டவைப்பது இன்னொரு இணைப்பு. இன்னொரு இணைப்பு என்றால் உப்பு நுழைய இன்னொரு வாசல்.

இடம் பார்ப்பது

நம் ஊரில் நிலத்தைச் சென்ட் கணக்கில்தான் சொல்கிறோம். சதுரமாக அமைந்த பத்து சென்ட் மனையின் ஒரு பக்கம் சுமார் 20 மீட்டர், மூலைக்கு மூலை 28 மீட்டர். ஆகவே பத்து சென்டில் இந்த ஆண்டெனா மூலைவாட்டில் தாராளமாக நிற்கும். 24 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தென்னைகள் இருந்தால் தட்டையாகக் கட்டலாம். ஒரே தென்னைதான் என்றால் நடுப்பகுதியை மரத்தில் ஏற்றி, இரண்டு கைகளையும் கூரைபோலச் சரித்துக் கட்டுங்கள். நடு 10 மீட்டர் உயரத்தில் இருந்து, கைகளுக்கு இடையே 120 டிகிரி கோணம் வைத்தால், முனைகள் தரையிலிருந்து 5 மீட்டரில் நிற்கும். தேவைப்படும் நீளம் 17 மீட்டரும் சொச்சமும்தான். 90 டிகிரிக்குக் கீழே கோணத்தை ஒடுக்க வேண்டாம். இரண்டு கைகளும் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கத் தொடங்கும்.

எந்தத் திசையில் கட்டுவது? டைபோல் தன் கம்பிக்குக் குறுக்குத் திசையில்தான் அதிகமாக வீசும். நமக்கு நாடு முழுவதும் வடக்கே இருக்கிறது, தெற்கே கடல். கம்பியைக் கிழக்கு மேற்காகக் கட்டினால் வீச்சு வடக்கே போகும். 7 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு தாழ்வாகக் கட்டும்போது திசை வேறுபாடு குறைவுதான். மரங்கள் வேறு திசையில் நின்றால் வருத்தப்பட வேண்டியதில்லை.

மின்கம்பியிடம் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. ஆண்டெனா அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும், கயிறு எறியும்போது எந்தப் பக்கம் பறந்தாலும், மின்வாரியக் கம்பியில் படவே வாய்ப்பில்லாத இடமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் உங்கள் மனையில் இல்லையென்றால் அங்கே இந்த ஆண்டெனாவைக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தகர ஷீட் போடும் வழக்கம் நம் பக்கம் அதிகம். ஷீட்டுக்கு ஓரிரு அடி மேலே கம்பியை இழுத்தால் ஆண்டெனா வேலை செய்யாது. ஷீட்டை விட்டு விலகி, தோட்டத்துப் பக்கம் போங்கள். வீட்டு எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலிலிருந்தும் அப்போது தப்பிக்கலாம்.

சாமான்கள்

1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்புக் கம்பி 25 மீட்டர், எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ஒற்றை இழைக் கம்பி வேண்டாம். காற்றில் ஆடி ஆடி ஒரே இடத்தில் ஒடிந்துவிடும். கேபிளுக்கு 50 ஓம் ஆர்ஜி-58 போதும். 20 மீட்டர் நீளத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் 75 ஓம் ஆர்ஜி-6 கேபிளும் மின்கணக்குப்படி டைபோலுக்குப் பொருந்தும். ஆனால் அதன் அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது, உப்புக்காற்றில் அது செம்பைவிட விரைவாகக் கெடும். கடலோரத்தில் நான் அதைத் தவிர்க்கிறேன்.

நடுக்கட்டைக்கு, காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். முனைகளுக்கு விரல் நீள பிவிசி குழாய்த் துண்டு இரண்டு. போல்ட், நட், வாஷர் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுச் சாமான் விற்கும் கடைகளில் இவை தரமானதாகக் கிடைக்கும். கடலுக்குப் போகிறவர் வாங்கும் போல்ட் நமக்கும் போதும். கயிறும் அங்கேயே வாங்கலாம். நைலான் கயிறு நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும் என்பதை நினைவில் வைத்து, பாலியெஸ்டர் கயிறு கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரு சிறிய கப்பி, பழைய சைக்கிள் டியூப், மணல் நிரப்ப ஒரு பிளாஸ்டிக் கேன், இவ்வளவும் போதும்.

நடு இணைப்பு: நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை

பலகைத் துண்டில் இரு ஓரத்திலும் மும்மூன்று துளைகள் போடுங்கள். கம்பியை ஒரு துளைக்குள் விட்டு, அடுத்ததில் எடுத்து, மூன்றாவதில் மறுபடி விடுங்கள். கம்பியின் இழுவை முழுவதையும் இந்த வளைவுகள் தாங்க வேண்டும். ஈயம் வைத்த இடத்துக்கு இழுவை போகவே கூடாது. கேபிளுக்கும் இதே விதிதான். பலகையின் நடுவில் இரண்டு துளை போட்டு, கேபிளை உறையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இப்போது கேபிளின் வெளி உறையை ஐந்து சென்டிமீட்டர் நீக்குங்கள். பின்னலைக் கத்தியால் வெட்டாமல், ஊசியால் இழை இழையாகப் பிரித்து, ஒரு பக்கமாக முறுக்குங்கள். உள்கம்பியின் உறையை இரண்டு சென்டிமீட்டர் சீவுங்கள். சீவும்போது செம்பில் கத்தி பட்டால் அந்த இடத்தில்தான் பின்னால் ஒடியும். பின்னலுக்கு ஒரு லக் (போல்ட்டில் மாட்டும் வளையமுள்ள உலோக முனை), உள்கம்பிக்கு ஒரு லக். இரண்டையும் நசுக்கி இறுக்கிய பிறகு ஈயமும் ஊற்றுங்கள். ஈயம் உருகி இழைகளுக்குள் ஊறிப் போக வேண்டும். உருண்டையாக மேலே நின்றால் சூடு போதவில்லை என்று பொருள். இரண்டு கைகளின் கம்பி முனைகளிலும் இதேபோல லக் வைத்து, போல்ட்டில் மாட்டி இறுக்குங்கள்.

என் பழைய ஆண்டெனா செத்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கேபிளின் பின்னல் ஒரு விளக்குத் திரி. ஒரு துளி தண்ணீர் அதன் முனையில் பட்டால் உறிஞ்சி மீட்டர் கணக்கில் கீழே இறக்கிவிடும். சாதாரண மின் டேப்பின் பசை நம் வெயிலில் இளகி விலகும்; மேலே பார்த்தால் ஒட்டியிருப்பதுபோலவே தெரியும். அதனால் மூன்று அடுக்காக மூடுங்கள். முதலில் பின்னல் பிரியும் இடத்தில் சிலிக்கான் பசையை அழுத்தி நிரப்பி, ஒரு நாள் காய விடுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதில் உள்ள அமிலம் செம்பை அரிக்கும். பிறகு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒன்றிக்கொள்ளும் ரப்பர் டேப்பை, பாதி அகலம் மேல் படியும்படி கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல, மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்திருந்தால்தான் தண்ணீர் வழிந்து போகும். கடைசியாக வெயிலைத் தாங்க மின் டேப்.

கேபிள் நடுக்கட்டையிலிருந்து கீழே இறங்கட்டும். ஒருபோதும் மேல்நோக்கிய வாயாக இருக்கக் கூடாது.

சோக் சுருள்

கேபிளின் இரண்டு கடத்திகளில் ஒன்று வெளிப்பின்னல் என்பதால், ஆண்டெனாவின் மின்னோட்டம் அதன் வெளிப்புறம் வழியாகவும் கீழே இறங்கப் பார்க்கும். அப்படி இறங்கினால் கேபிளும் ஆண்டெனாவாகி, வீட்டு இரைச்சலை வாங்கி வரும். அலைபரப்பும்போது மைக்கைத் தொட்டால் சுளீரென்று கடிக்கும். இதைத் தடுக்க நடுக்கட்டைக்குக் கீழேயே கேபிளைச் சுருட்டி வையுங்கள். ஆர்ஜி-58 என்றால் சுமார் நாலரை மீட்டரை 6 சுற்றாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போதும். சுருளின் குறுக்களவு ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் வரும். சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காக இருக்கட்டும்; கயிறு சுருட்டுவதுபோல ஒரே குவியலாகப் போட வேண்டாம்.

மரத்தில் ஏற்றுவது

தேங்காய் வெட்ட வருகிறவரிடம் அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குலைக்கு நன்றாகக் கீழே, மட்டைகள் விழுந்து தட்டாத இடத்தில், தண்டைச் சுற்றிச் சைக்கிள் டியூப் வைத்து, அதன் மேல் கயிற்றைக் கட்டி, கப்பியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். கப்பி வழியாகக் கயிற்றை இரண்டு மடங்கு நீளத்தில் ஓடவிட்டு, இரு முனைகளையும் கீழே கொண்டுவந்து கட்டிவிடுங்கள். அதன் பிறகு மரம் ஏற வேண்டிய தேவையே இல்லை. தேசியக் கொடிபோல ஏற்றி இறக்கலாம். வேறு மரமானால், தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டிக் கவணால் கிளைக்கு மேல் எறிந்து, நரம்பில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். எறியும் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

தென்னை ஆடும் மரம். ஆடிக்காற்றில் இரண்டு தென்னைகளும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால், இறுக்கிக் கட்டிய கம்பி அறுந்தே தீரும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். வள்ளத்தில் போகிறவர். நான் கம்பியைத் தம்பூராபோல முறுக்கேற்றிக் கட்டியதைப் பார்த்துவிட்டு, “நங்கூரக் கயிற்றை இப்படிக் கட்டினால் முதல் அலையிலேயே போய்விடும், தம்பி. கடலுக்கு இடம் கொடுத்துக் கட்ட வேண்டும்” என்றார். அவர் யோசனைப்படி ஒரு முனையை நிலையாகக் கட்டி, மறுமுனைக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி, அதன் நுனியில் மணல் கேனைத் தொங்கவிட்டேன். ஐந்து லிட்டர் கேனில் பாதி மணல், ஏறக்குறைய நாலு கிலோ. மரம் சாயும்போது கேன் மேலே போகிறது, நிமிரும்போது இறங்குகிறது. கம்பியின் இழுவை மாறுவதே இல்லை. ஒருமுறை காய்ந்த மட்டை ஒன்று கம்பியின் மேலேயே விழுந்தது. கேன் மேலே போய் இறங்கியது. மட்டை வழுக்கிக் கீழே விழுந்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்கள் கணவாய்க் காற்றை மனத்தில் வைத்து, கேன் ஏறி இறங்க இன்னும் ஒரு மீட்டர் கூடுதலாக இடம் விடுங்கள். கேனுக்குக் கீழே குழந்தைகள் விளையாடாத இடமாகவும் இருக்கட்டும்.

கம்பி முனைகள் கைக்கு எட்டாத உயரத்தில், குறைந்தது மூன்று மீட்டரில் இருக்க வேண்டும். டைபோலின் நடுவில் மின்னோட்டம் அதிகம், முனைகளில் மின்னழுத்தம் அதிகம். அலைபரப்பும்போது முனையைத் தொட்டால் தோல் கருகும்.

இசைவு பார்ப்பது

கம்பியின் நீளத்தைத் தரையில் கிடக்கும்போது அளந்து திருத்துவதில் பயனில்லை. உயரம் மாறினால் இசைவும் மாறும். முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, ஆண்டெனாவை அளக்கும் நானோ விஎன்ஏ என்ற சிறு கருவியால் நிலையலை விகிதத்தை, அதாவது எஸ்டபிள்யூஆரைப் பாருங்கள். அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும்; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை. கருவியைப் பயன்படுத்தும் முன் அதனோடு வரும் மூன்று முனைகளையும் மாட்டிச் சரிக்கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

திரையில் ஒரு பள்ளம் தெரியும். அதன் அடி எந்த அலைவெண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வெட்டியதால் அது 7.1க்குக் கீழேதான் இருக்கும். உதாரணமாக 6.85இல் இருக்கிறது என்று வையுங்கள். இப்போதைய கை நீளத்தை 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் வேண்டிய நீளம் கிடைக்கும்: 10.30 பெருக்கல் 6.85 வகுத்தல் 7.1, விடை 9.94 மீட்டர். ஆக ஒவ்வொரு பக்கமும் 36 சென்டிமீட்டர் குறைய வேண்டும். உடனே அவ்வளவையும் வெட்டிவிடாதீர்கள். முதலில் 25 சென்டிமீட்டர் மட்டும் முனையில் மடித்து, கம்பியோடு ஒட்டிச் சுற்றி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். இரண்டு கைகளையும் சமமாகக் குறைக்க வேண்டும். மூன்று நான்கு முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். கப்பி இருப்பதால் அது பெரிய வேலை இல்லை.

எஸ்டபிள்யூஆர் 1.5க்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். 1.5 என்றால் அனுப்பும் ஆற்றலில் 4 விழுக்காடுதான் திரும்பி வருகிறது. 2 என்றாலும் 11 விழுக்காடுதான். 1.0 வர வேண்டும் என்று நாள் முழுவதும் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட, அந்த நேரத்தில் ஆண்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்தினால் பலன் அதிகம். சரியாக இசைந்த நாளில் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு அந்த எண் மெல்ல ஏறினால் இணைப்புக்குள் தண்ணீர் போயிருக்கிறது. என் பழைய ஆண்டெனா 1.3இலிருந்து 3க்கு மேல் ஏறிய பிறகே இறக்கிப் பார்த்தேன், 1.6இலேயே பார்த்திருந்தால் கேபிள் பிழைத்திருக்கும்.

இடி

சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் மலைப்பக்கம் கறுத்துவிட்டால் நம் ஊரில் இடி நிச்சயம். கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பேசி முடித்ததும் கழற்றுவதையே தினசரிப் பழக்கமாக்கிக்கொண்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கேபிள் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், அறைக்குள் வராது.

காது கொடுத்துக் கேட்பது

காலை ஏழு மணிக்கு மேல் 7 மெகாஹெர்ட்ஸில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். தமிழும் மலையாளமும் கன்னடமும் அடுத்தடுத்துக் கேட்கும். இருட்டிய பிறகு பக்கத்து ஊர்கள் மறைந்து, தொலைதூரக் குரல்கள் வரும். அந்தி மறைந்த உடனே சில நாள் குரல்கள் நடுங்கித் தேய்வதைக் கேட்டு ஆண்டெனா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு நம் தலைக்கு அருகே செல்கிறது. 1963இல் ராக்கெட் ஏவப்பட்ட திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை அதற்கெனத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அந்தக் கோட்டை ஒட்டிய அயனி மண்டலம் அந்திக்குப் பிறகு கலங்கும். அந்தக் கலக்கம்தான் காதில் நடுக்கமாகக் கேட்கிறது.

இதே கையோடு 20 மீட்டர் பட்டைக்கும் ஒன்று கட்டலாம். 14.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப்படி ஒரு கை 5.02 மீட்டர், வேலை இதேதான், கம்பி பாதிதான். அதற்குச் சோக் சுருளின் அளவு மட்டும் மாறும்.

வைகாசி கடைசியில் ஒருமுறை, புரட்டாசி கடைசியில் ஒருமுறை, மழைக்கு முன் ஆண்டெனாவை இறக்குங்கள். கப்பியில் எண்ணெய் விடுங்கள். கயிறு டியூபில் உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்; நார் எழும்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர் டேப்பின் கீழ் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் மேலே ஒட்டுப்போடாமல், முழுவதையும் பிரித்து, கேபிளைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கட்டுங்கள்.